கலையாத வரிசை

முன்னொரு காலத்தில், ஏரி வறண்டு மூணாம் வருஷம் ஓடிக்கொண்டிருந்த காலத்தில், கோரப்பட்டு என்கிற ஊரில் வரதப்பன் என்று ஒரு அவில்தார் இருந்தாராம். வெள்ளைக்காரன் பட்டாளத்தில் இருபது வருஷம். புதுசாகச் சேருகிறவர்களுக்கு நிற்கவும் நடக்கவும் திரும்பவும் கற்றுக்கொடுக்கிறதுதான் வேலை. அவர் ஒரு குரல் கொடுத்தால், ஏரிக்கு அந்தப் பக்கம் மேய்கிற மாடு தலையைத் தூக்குமாம்.

கடலுக்கு அப்பால் பெரிய சண்டை மூண்டது. ஆள் வேணும், ஆள் வேணும் என்று தண்டோரா போட்டார்கள். வறண்ட ஏரியே மைதானமாச்சு, கூடாரம் முளைச்சது. முப்பது பேர் வரதப்பன் கைக்கு வந்தார்கள். அதில் ஏழு பேர் கோரப்பட்டுப் பிள்ளைகள், கஞ்சிக்கு வழியில்லாமல் வந்தவர்கள். ஏழில் ஒருத்தன் கன்னியப்பன். வரதப்பன் பெண்சாதி அமிர்தத்துக்கு ஒரே தம்பி.

முதல் நாளே அவன் வாயைத் திறந்தான். "மாமா, கால் சுடுது."

"இங்க மாமனும் இல்ல, மச்சானும் இல்ல. நடக்கச் சொன்னா நாத்து மிதிக்கிற. உன் முட்டி ரெண்டும் என்னடா, சம்பந்தம் பேசுதா?"

வரிசை சிரிச்சது. சிரிச்ச வரிசையை உச்சிப்பொழுது வரைக்கும் நிற்க வைத்தாராம். அவர் 'டிஸ்மிஸ்' என்று சொன்னால்தான் கலையலாம். அதுவரைக்கும் ஈ மொய்த்தாலும் கை எழும்பக் கூடாது.

அப்படி நடந்தார்கள், அப்படி நின்றார்கள். ஏரிக்கரை மேல் தாய்மார்கள் வந்து உட்கார்ந்துகொள்வார்கள். ஏசமாட்டார்கள், அழமாட்டார்கள், பார்த்துக்கொண்டே இருப்பார்கள். வரதப்பனுக்கு முதுகில் வெயிலைவிட அந்தப் பார்வைதான் சுட்டதாம்.

திரும்பச் சொல்லுகிற சொல்லுக்கு ஒரு முறை உண்டு. சரியான கால் தரையில் படும்போது சொல்லணும். கால் மாறிச் சொல்லிவிட்டால் ஒருத்தன் மேல் ஒருத்தன் முட்டிக்கொள்வான். வரதப்பன் வேணுமென்றே கால் மாற்றிச் சொல்லுவாராம். "நான் தப்பாச் சொன்னாலும் நீ தப்பக் கூடாது. சண்டையில குரல் நேரா வராது. ஒரு அடி கூடுதலா வச்சு, எல்லாரும் சேர்ந்து திரும்பு." முட்டி மோதி, மூக்கு உடைந்து, அதையும் கற்றுக்கொண்டார்கள்.

மூணாம் மாசம் துரை வந்து பார்ப்பார் என்று சேதி வந்தது. தேறினால் அன்றைக்கே ரயில், பிறகு கப்பல். தேறாவிட்டால் மறுபடி முதல் பாடம், இன்னும் மூணு மாசம்.

அமிர்தம் சோற்றை வைத்துவிட்டுச் சொன்னாளாம். "ஏங்க, அதுக்குள்ள சண்டை முடிஞ்சிடும்னு ஊர்ல பேசிக்கிறாங்க. என் தம்பிக்குக் கொஞ்சம் தப்பாக் கத்துக்குடுங்க."

"தப்பாக் கத்துக்கிட்டவனுக்குத்தான்டி முதல் குண்டு."

அவள் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். அப்புறம் சொன்னாள். "அப்ப நல்லாவே கத்துக்குடுங்க. அந்த ஒரு நாள் மட்டும் நீங்க தப்பு பண்ணுங்க."

வரதப்பன் எழுந்து கை கழுவினார். இருபது வருஷத்தில் அவர் குரல் அவரை அறியாமல் தப்பினது கிடையாது. தப்பினால் அவில்தார் என்று காட்டுகிற கைப்பட்டையை அறுப்பான் துரை. அறுக்கட்டும். ஏழு பிள்ளைக்கு மூணு மாசம் கிடைக்குமே.

அந்த நாளும் வந்ததாம். துரை குதிரை மேல் இருந்தார். கரை மேல் தாய்மார்கள். முப்பது பேரும் ஒரே காலாக நடந்து வந்தார்கள். வரதப்பன் மூச்சை இழுத்தார். கால் மாற்றிச் சொன்னார்.

ஒருத்தனும் முட்டவில்லை. ஒரு அடி கூட வைத்து, முப்பது பேரும் கதவு திரும்புகிற மாதிரி திரும்பினார்கள்.

மறுபடியும் சொன்னார், இன்னும் மோசமாக. மறுபடியும் கதவு மாதிரி திரும்பினார்கள். மாமா சோதிக்கிறார் என்று கன்னியப்பனுக்கு உதட்டோரம் ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு வரதப்பன் மூணாம் தரம் கால் மாற்றிச் சொல்லவில்லையாம். அவர் கட்டின வேலிக்குள் அவரே நின்றார்.

துரை இறங்கி வந்து கையைக் குலுக்கினார். "இந்த மாதிரி வரிசை நான் பார்த்ததில்லை, அவில்தார்." மைதானத்திலிருந்து நேரே ரயிலுக்கு நடத்திக்கொண்டு போனார்கள். 'டிஸ்மிஸ்' சொல்ல இடமே இல்லை.

அவர்கள் போன மறுநாள், ஏழு பேரும் நின்ற இடத்தில் ஏழு கல் நட்டார் வரதப்பன். எவன் எங்கே நின்றான் என்று அவருக்குக் கண்ணை மூடினாலும் தெரியும்.

ரெண்டு வருஷம் கழித்து, ஏழு பேரில் முதலில் திரும்பி வந்தவன் சாமிக்கண்ணு. ஒரு கை இல்லை. ஆத்தா வீட்டுக்குப் போகவில்லை, நேரே ஏரிக்கு வந்து அவன் கல்லுக்குப் பக்கத்தில் விறைப்பாக நின்றானாம்.

"வீட்டுக்குப் போடா."

"நீங்க இன்னும் கலையச் சொல்லலையே ஐயா."

'டிஸ்மிஸ்' என்றார் வரதப்பன். அந்தக் கல்லைச் சாய்த்தார். அப்படி நாலு கல் சாய்ந்தது. மூணு கல் சாயவில்லை. கன்னியப்பனுக்கு ஒரு காகிதம் வந்தது. செத்தான் என்று இல்லை, காணோம் என்று இருந்தது. மற்ற ரெண்டு பேருக்கும் அதே காகிதம்.

"சொல்லிடுங்க," என்றாள் அமிர்தம். "எத்தனை நாளா நிக்கிறான். கால் சுடாதா?"

"சொன்னா போயிடுவான் அமிர்தம்."

"நின்னா வந்துடுவானா?"

 சொன்னால் அவர் வாயாலே அனுப்பின மாதிரி. சொல்லாவிட்டால் பிள்ளை வெயிலில் நிற்கிறான். அமிர்தம் அவரைப் பார்த்தாள், கல்லைப் பார்த்தாள். வீட்டுக்குப் போய் ஒரு குடம் தண்ணி கொண்டுவந்து கல்லின் காலடியில் ஊற்றினாள். அடுத்த நாள் மற்ற ரெண்டு தாய்மாரும் குடத்தோடு வந்தார்களாம்.

வரதப்பன் தினம் போய் அந்த மூணு கல்லுக்கு எதிரே நிற்பார். வாயைத் திறப்பார், மூடிக்கொள்வார். ஒரு சித்திரை மாசத்து உச்சியில் போனவர் திரும்பவில்லை. பார்க்கப் போனவர்கள், விழுந்து கிடந்தபோதும் குதிகால் ரெண்டும் சேர்ந்தே இருந்தது என்று சொன்னார்களாம். அந்த இடத்திலேயே அவருக்கும் ஒரு கல் நட்டார்கள்.

இன்றைக்கும் கோரப்பட்டில் பட்டாளத்திலிருந்து லீவில் வருகிறவன் பெட்டியோடு ஏரிக்குத்தான் முதலில் போவான். விறைப்பாக நிற்பான். அங்கே இருக்கிறவர்களில் மூத்தவர் 'டிஸ்மிஸ்' என்று சொன்ன பிறகுதான் வீடு. சித்திரை பிறந்தால் பெண்கள் குடம் எடுத்துப் போய் அந்த மூணு கல்லுக்கும் வரதப்பன் கல்லுக்கும் கால் குளிர ஊற்றுவார்கள்.

அந்த மூணு கல்லுக்கு மட்டும் யாரும் அந்தச் சொல்லைச் சொல்வதில்லை. சொல்ல வேண்டியவர் எதிரே நிற்கிறார், அவர் சொல்லட்டும் என்று விட்டுவிட்டார்கள்.