மிஸ்பாஹின் வண்டியில் வந்த பெரியவர்

மக்ரிப் பாங்கு சொல்லி முடிந்து, வெளிச்சம் முழுசாகப் போகாத நேரம். ரெமாதாவிலிருந்து ததாவினுக்கு வரும் பாலைவனச் சாலை... தெரியும்தானே, ஒரு விளக்கு கிடையாது.

நம் ஷுக்ரியின் தாய்மாமா மிஸ்பாஹ் அந்தச் சாலையில்தான் நூலக வண்டி ஓட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போவார். முகத்தைப் பார்த்தே புத்தகம் எடுத்துக் கொடுக்கிற மனிதர். ஆடு மேய்ப்பவனுக்கு நட்சத்திரங்களைப் பற்றிய நூல், புதுமணப் பெண்ணுக்குக் கொலைகாரனைத் தேடும் நாவல். பிடிக்கவில்லை என்று யாரும் திருப்பிக் கொடுத்ததில்லை.

அன்று கடைசியாக வந்தவள் மப்ரூக்கா என்ற ஆசிரியை. அவளுக்கு ஒரு நாவல், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குப் பூச்சிகளைப் பற்றி ஒன்று. வாங்கிக்கொண்டவள் வண்டிக்குள் எட்டிப் பார்த்தாள்.

“உள்ள உக்காந்திருக்காரே பெரியவர், அவருக்கும் ஒண்ணு பாத்துக் குடுங்கண்ணே. எவ்ளோ நேரமா காத்துக்கிட்டிருக்காரு.”

மாமா திரும்பிப் பார்த்தார். அலமாரிகள். நடுவில் ஒரு முக்காலி... காலி. கேலி செய்கிறாள் என்று சிரித்துவிட்டுக் கிளம்பினார்.

ஊர் மறைந்ததும் அந்த வாசனை வந்தது. கற்பூரம். செத்தவரின் மய்யத்தைக் குளிப்பாட்டும்போது வருமே, அது. கண்ணாடியை இறக்கினார். போகவில்லை. பிறகு சத்தம்... விரலை எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டும் சத்தம். சர்ர்... கொஞ்சம் நின்று, மறுபடி சர்ர். ஒரு புத்தகம் பொத்தென்று விழுந்தது. பிடிக்காமல் போட்டது போல. அடுத்து இன்னொன்று.

நிறுத்தினால் அந்த இருட்டில் இறங்க வேண்டும். ஓட்டிக்கொண்டே இருந்தார். வாயில் வந்ததோ, தினமும் எல்லோரிடமும் கேட்கும் அதே கேள்வி.

“என்ன மாதிரி வேணும், ஹாஜி?”

பிடரியில் சில்லென்று காற்று பட்டதாம்.

“கதை வேணாம்ப்பா. நெசமா நடந்தது வேணும்.”

பின்னால் போய்ப் புத்தகம் எடுக்க அவரால் முடியுமா? தன் வாழ்க்கையையே சொல்ல ஆரம்பித்தார். அப்பா கிணற்றில் விழுந்து செத்தது, கல்யாணம், தங்காமல் போன முதல் பிள்ளை... மூச்சு வாங்க நிறுத்தினால் “அப்புறம்?” என்றது அந்தக் குரல். தூரத்தில் ததாவின் ஊர் விளக்குகள் தெரிந்தபோது, மப்ரூக்காவுக்குப் புத்தகம் கொடுத்தது வரை வந்துவிட்டார். இவ்வளவுதான், இன்று வரைக்கும் சொல்லிவிட்டேன் என்றார்.

“மிச்சத்த நான் சொல்றேன்.”

ஊர் எல்லை வரை சொன்னதாம். அப்புறம் வாசனையும் இல்லை, குரலும் இல்லை.

அந்தக் குரல் என்ன சொன்னது என்று மாமா யாரிடமும் வாய் திறக்கவில்லை. ஆனால் அவருடைய அண்ணன் மாரடைப்பில் போன அன்று, போன் அடிப்பதற்கு முன்பே சட்டை மாற்றிக்கொண்டு வாசலில் நின்றார். மகளுக்கு வலி எடுக்கும் முன்பே இரண்டு தொட்டில் வாங்கி வைத்தார். இரண்டுமே தேவைப்பட்டன.

இதோ உட்கார்ந்திருக்கிறானே ஷுக்ரி, இவனுக்கு இன்று மதியம் அவர் போன் செய்தார். குரல் நன்றாகத்தான் இருந்ததாம், ஒரு இருமல்கூட இல்லை. காலையில் வீட்டுக்கு வரச் சொன்னார்.

“தனியா வராத. தூக்குறதுக்கு நாலு பேரு வேணும்.”