ஒனோதெராவின் கோட்டுப் பைக்கு ஒரு கேமரா

கேமரா வாங்கப் போகும்போது கோட்டு போட்டுக்கொண்டு போக வேண்டும். பைக்குள் அடங்குமா என்பதைப் பையல்லவா சொல்ல வேண்டும். நண்பன் ஒனோதெராவுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவனே நான்தான்.

அவனுடைய ஒரே மகள் சிகாகேவுக்குக் கல்யாணம். மண்டபம், விருந்து எதுவும் இல்லை. வார்டு அலுவலகத்தில் பதிவு, மறுநாளே மாப்பிள்ளையோடு பிரேசிலுக்கு விமானம். செல்போனை யாரும் வெளியே எடுக்கக்கூடாது, சின்ன வயதில் எடுத்ததுபோல அப்பா ஃபிலிமில் எடுத்தால் போதும் என்று அவள் பிடிவாதம். நான் சாட்சிக் கையெழுத்துப் போடுகிறவன்.

நகானோவில் பழைய கேமராக் கடை. ஒனோதெராவின் கை நேராகக் கண்ணாடி அலமாரிக்குப் போனது. வசந்தகாலம் முழுக்க நான் வந்து வந்து பார்த்துவிட்டுப் போன குட்டிக் கறுப்புக் கேமரா அது. கோட்டுப் பையில் போட்டுப் பார்த்தான்; துருத்தவே இல்லை. எனக்கு வயிறு எரிந்தது, மறைப்பானேன்.

"இதப் போயி எடுக்கிறியே, கிறுக்கா. இந்த மாடல்ல ஃபிலிம சுத்துற மோட்டாரு பாதியில நின்னுடும்."

"அப்படியா? நமக்கு என்னடா தெரியும். நீயே ஒண்ணு எடுத்துக் குடு."

சோதித்துப் பார்க்காத சரக்கைப் போட்டுவைக்கும் கூடை ஒன்று அங்கே உண்டு. அதிலிருந்து வெள்ளிநிறத்தில் ஒன்றை எடுத்தேன். பின்கதவு ஓரத்தில் வெளிச்சம் புகாமல் தடுக்கும் பஞ்சு பாதி நைந்திருந்தது. மீதியை நகத்தால் நானே சுரண்டிவிட்டேன். எதையும் அரைகுறையாக விடுவது எனக்குப் பிடிக்காது.

கல்யாணத்தன்று என் கையில் அந்தக் கறுப்புக் கேமராவைப் பார்த்ததும் ஒனோதெரா விழித்தான். "நின்னுடும்னியேடா?"

"அதான் உன்ன வாங்க விடல. நின்னா என் தலையோட போகட்டும்."

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

கழுவி வந்த அவன் ஃபிலிம் சுருளில் வெறும் புகைமூட்டம். நேராக என் வீட்டுக்குத்தான் வந்தான்.

"உன்னுதுலயாவது எம் பொண்ணு முகம் இருக்காடா?"

"மோட்டாரு நின்னுபோச்சுடா. சொன்னேன்ல."

"பாவம்டா நீ," என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். அழைத்துப் போய் சோபா நூடுல்ஸ் வாங்கிக்கொடுத்தேன். பாதிதான் சாப்பிட்டான்.

என் சுருளில் ஒரு படம்கூடப் பழுதில்லை. எல்லாம் என் வீட்டு அலமாரியில் பத்திரமாக இருக்கின்றன. ஒன்றில் சிகாகே அப்பாவின் டையைச் சரிசெய்துகொண்டே சிரிக்கிறாள். அவனுக்குக் காட்டலாம்தான். ஆனால் அந்தக் கறுப்புக் கேமராவையே வாங்கியிருக்கலாமே என்று அவன் எவ்வளவு நொந்துபோவான். நண்பன் மனம் நோக என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.