பின் சீற்றில் பிறந்தவர்

ஒனிஹங்கா ஊருக்குப் போகும் ரயிலில் எனக்கு எதிரே இரண்டு யாழ்ப்பாணச் சகோதரிகள். இருவருக்கும் அறுபது கடந்திருக்கும். பழைய அமெரிக்கக் கார்களின் கண்காட்சியைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். திடீரென்று மூத்தவர் சொன்னார்:

"நீ பிறந்தது ஆஸ்பத்திரியிலை இல்லை. எங்கடை காருக்குள்ளை."

"என்னக்கா கதைக்கிறியள்? அம்மா ஒருநாளும் சொல்லேல்லையே!"

"அவவுக்கு வெக்கம். இண்டைக்கு அங்கை நிண்டுதே, வால் பக்கம் செட்டை வைச்ச நீலக் கார், அதே மாதிரித்தான் எங்கடையும். ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலை பின் சீற்றிலை பிறந்திட்டாய். நான் முன்னுக்கு இருந்தனான். எட்டு வயசு."

"நாலாவதும் பொம்பிளைப் பிள்ளை எண்டு அப்பா கவலைப்பட்டிருப்பார்."

"கவலையோ? அம்மாவையும் உன்னையும் ஆஸ்பத்திரியிலை விட்டிட்டு, என்னையும் ஏத்திக்கொண்டு, சொந்தக்காரர் வீடு வீடாப் போய் ஹோர்ன் அடிச்சவர்!"

இளையவர் அக்கா பக்கம் திரும்பினார்.

"அவருக்கு என்னிலை விருப்பமில்லை எண்டெல்லோ இவ்வளவு காலமும் நினைச்சனான்."

"விசரி" என்று செல்லமாகக் கடிந்து அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

ரயில் கடைசி நிலையத்தில் நின்றது. எல்லோரும் இறங்க எழுந்தோம். இளையவர் மட்டும் எழும்பவில்லை.

"எந்தெந்த வீட்டை போனவர்? ஒவ்வொண்டாச் சொல்லுங்கோக்கா."