சூளை எரிந்த நாளில் வந்த சாம்பல் சட்டைகள்

ஓடுகிறோம். தகரக் கூரையில் கல் விழுகிறது. டங். டங். பிறகு மழை போல. வியாழக்கிழமை. மதியச் சோற்றை அப்போதுதான் பிரித்திருந்தோம்.

"ஓடுங்க! சாம்பல் சட்டைக்காரனுங்க வந்துட்டானுங்க!"

கத்தியவள் மல்லிகா. என்னோடு அச்சில் களிமண் வார்ப்பவள். வேலியைத் தாண்டும்போது அவள் முகத்தில் கல் பட்டது. நான் திரும்பிப் பார்த்தேன். சூளை வாசலில் ராம்ஜித் அசையாமல் நிற்கிறான். பீகாரிலிருந்து வந்தவன். எங்கள் பீங்கான் பட்டறையில் நெருப்பு போடுகிறவன்.

"ராம்ஜித், வுட்டுட்டு வாடா!"

"சூளை எரியுது அக்கா."

விருத்தாசலத்தில் நெருப்பு வைத்தவன் சூளை ஆறும்வரை நகரமாட்டான். பெண்டாட்டிக்குப் பிரசவ வலி என்றாலும் நகரமாட்டான். இது என் தம்பி குமாருக்கும் தெரியும். அதே சூளையில் நெருப்பு போட்டவன் அவன். இன்று கம்பியோடு முன்னால் வருகிறான். சூளை எரியும் நாள் பார்த்துத்தான் ஆட்களைக் கூட்டி வந்திருக்கிறான்.

குமார் வளைகுடாவுக்குப் போயிருந்தான். அங்கே போர் வந்தது. ஏவுகணை விழுந்த சத்தத்தைப் போனில் கேட்டேன். கம்பெனியை மூடினார்கள். வெறுங்கையோடு திரும்பினான். இங்கே அவன் இடத்தில் ராம்ஜித், பாதிக் கூலிக்கு. குமார் டீக்கடையிலேயே கிடந்தான். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. எங்கள் சங்கமும் கேட்கவில்லை. எல்லோருக்கும் ஒரே கூலி வேண்டும், இல்லையென்றால் வேலைநிறுத்தம் என்று சங்கம் அறிவித்தது. முதலாளிகள் பயந்தார்கள். குமார் மாதிரி ஆட்களுக்குச் சாம்பல் சட்டை வந்தது. பிரியாணி வந்தது. வண்டிக்குப் பெட்ரோல் வந்தது. கொடுத்தது யார் என்று ஊருக்கே தெரியும்.

இத்தாலியிலும் இப்படித்தான். முதல் உலகப் போரில் ஜெயித்த நாடு. திரும்பி வந்த சிப்பாய்க்கு வேலை இல்லை. தருவதாகச் சொன்ன நிலம் வரவில்லை. ரொட்டி விலை ஏறியது. தொழிலாளிகள் ஆலைகளைப் பிடித்தார்கள். முதலாளியும் பண்ணையாரும் நடுங்கினார்கள். கறுப்புச் சட்டை போட்ட அடியாட்களுக்குப் பணம் கொடுத்தார்கள். சங்கக் கட்டடங்கள் எரிந்தன. போலீஸ் வேடிக்கை பார்த்தது. கடைசியில் நாடே அவர்கள் கையில் போனது. சங்க வகுப்பில் இதைக் கேட்டபோது யாருடைய கதையோ என்று கொட்டாவி விட்டோம்.

சந்து முனையில் போலீஸ் ஜீப் நிற்கிறது. யாரும் இறங்கவில்லை.

குமார் சூளை வாசலை அடைத்த செங்கல்லை நெம்புகிறான். ராம்ஜித் குறுக்கே விழுகிறான். நான் வேலியிலிருந்து திரும்பி ஓடிவந்து தம்பியின் சட்டையைப் பிடித்து இழுக்கிறேன்.

"நவுந்து போ அக்கா! இந்திக்காரனுக்குச் சோறு போட்டியே, எனக்கு ஒரு வேலை கேட்டியா நீ?"

தள்ளினான். விழுந்தேன். கம்பி இறங்கும் சத்தம் கேட்டது. ஈர மண்ணை அடிப்பது மாதிரி. செங்கல் சரிந்தது. குளிர்ந்த காற்று உள்ளே போனது. சரக்கு வெடிக்கத் தொடங்கியது. டிக். டிக். டிக். அவர்கள் போன பிறகும் அது நிற்கவில்லை.

போனவை இவை.

சங்கக் கொட்டகை. எரித்தார்கள்.

ஒரு சூளைச் சரக்கு. அகல் விளக்கு, பியூஸ் கட்டை. ஒன்றுகூடத் தேறவில்லை.

மல்லிகாவின் இடது கண்.

ராம்ஜித். ஆஸ்பத்திரி போகும் வழியில், ஆட்டோவில், என் மடியில்.

என் தம்பி குமார். உயிரோடுதான் இருக்கிறான். அடுத்த தெருவில். அந்தச் சட்டையை அவன் இன்னும் கழற்றவில்லை. அவனையும் சேர்த்துத்தான் எண்ணுகிறேன்.