நூற்று நான்கு

ஜன்னல் திரையை இழுக்க வேண்டாம். அந்த மேகம் ஐந்து நிமிடத்தில் விலகிவிடும். இருபத்திரண்டு வருடமாக இதுதான் என் பிழைப்பு.

மேகங்களுக்கு நடுவே வெயில் எப்படிப் பாய்கிறது என்று கணக்கிடும் கம்ப்யூட்டர் மாடல்கள் எட்டு இருந்தன. எட்டுக்கும் ஒரே மேகக்கூட்டத்தைக் கொடுத்து, வரும் விடைகளை ஒப்பிடுவது என் பொறுப்பு. மேகமே இல்லாத உச்சி வெயிலை நூறு என்று வைத்துக்கொள்ளுங்கள். மேக இடைவெளியில் தரைக்கு எவ்வளவு வரும்? என்னுடையது உட்பட ஏழு மாடல்கள் நூற்று நான்கு என்றன. எட்டாவது நூற்று முப்பத்தெட்டு என்றது.

அதை எழுதியவர் என் தங்கையின் கணவர். நல்ல மனிதர், அதை நான் மறுக்கவில்லை.

"மச்சான், மேகத்தோட பக்கவாட்டுல பட்டுத் திரும்புற வெளிச்சத்தை ஏழு பேரும் விட்டுட்டீங்க."

"ஏழு பேரும் தப்பு, நீங்க ஒருத்தர்தான் சரியா மாப்பிள்ளை?"

"ஏழும் உங்க பழைய புரோகிராம்ல இருந்து பொறந்ததுதானே? உங்க பேப்பரைப் பாத்து காப்பி அடிச்சா எல்லாருக்கும் ஒரே மார்க்குதான் வரும்."

ஆய்வுக் கூட்டத்தில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மறுநாள் மதியம் கதவைச் சாத்திக்கொண்டு என் புரோகிராமைத் திறந்தேன். ஒளியைப் பக்கவாட்டில் போகவிடாமல் கீழே மட்டும் அனுப்பும் ஒரு வரி இருந்தது. எப்போதோ அவசரத்தில் எழுதியது. திருத்தி ஓட்டினேன். நூற்று முப்பத்தேழு. திருத்தத்தை அழித்துவிட்டுச் சாப்பிடப் போனேன்.

அவர் விடவில்லை. சோலார் மின் நிலையத்தில் நேரிலேயே அளந்து காட்டுகிறேன் என்றார். பேனல்களின் மின்சாரம் வந்து சேரும் பெட்டியில் மீட்டரை மாட்டி, பக்கத்திலேயே நின்று பார்க்க வேண்டும். அந்தப் பெட்டி நூற்றிருபதுக்கு மேல் தாங்காது. அதைத் தாண்டும் என்றால் ஆளை அருகில் விடக்கூடாது என்பது விதி. அனுமதிப் படிவத்தில் 'எதிர்பார்க்கும் உச்சம்' என்ற கட்டத்தை நிரப்ப வேண்டியவன் நான். நூற்று நான்கு என்று எழுதினேன். தேதியையும் நானே குறித்தேன். உதிரி மேகங்கள் வரும் என்று முன்னறிவிப்பு சொன்ன நாள்.

"பெட்டி தாங்குமா மச்சான்?"

"தாராளமா."

நான் கட்டுப்பாட்டு அறையில் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டே காலுக்கு மேகம் விலகியது. நூற்றுப் பதினாறு. நூற்று இருபத்தைந்து. போனில் அவர் குரல் குழந்தை மாதிரி குதித்தது.

"பாத்தீங்களா மச்சான்? நான் சொன்னேன்ல?"

'விலகுங்க' என்பது ஒரே ஒரு வார்த்தை. போன் என் கையில்தான் இருந்தது. இன்னொரு கையால் எண்களைக் குறித்துக்கொண்டிருந்தேன். நூற்று முப்பத்தேழில் பெட்டி வெடித்தது.

தங்கை இப்போது என் வீட்டில்தான் இருக்கிறாள். நேற்று சாப்பாட்டைப் பிசைந்தபடியே கேட்டாள்: "அண்ணா, அவர் போட்ட கணக்கு சரிதானா?"

"பாவம்மா, கொஞ்சம் தப்பாப் போட்டுட்டாரு," என்றேன்.

அன்றைய அளவுகளைக் கருவிக் கோளாறு என்று அறிக்கையிலிருந்து நீக்கிவிட்டேன். எட்டாவது மாடலை நடத்த ஆள் இல்லாததால் அதையும் எடுத்துவிட்டேன். மீதி எல்லாம் அழகாக ஒத்துப்போகின்றன.

நான் கொன்றதாகச் சொல்கிறீர்கள். படிவம் உங்கள் மேஜையில்தான் இருக்கிறது. வேறு யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். நூற்று நான்கில் எந்தப் பெட்டியும் வெடிக்காது.