ரோஜர் போட்ட கமெண்ட்

இல்லம்மா, காப்பி வேணாம். ஓ, போட்டுட்டீங்களா, சரி குடுங்க. உக்காரல, நிக்கிறேன். ஃபார்கோலேர்ந்து நாலு மணி நேரம் வண்டியில உக்காந்துதான வந்தேன். நோரீன் அம்மா, நீங்க மெயிலே பாக்குறதில்லையா? ஆறு மெயில் போட்டேன். முட்டி ஆபரேஷனுக்கு அப்புறம் அந்தப் பக்கமே போறதில்லையா? அதான பாத்தேன், ப்ளாக்ல நீங்க எழுதியே ரெண்டு வருஷம் ஆச்சு. எதுவும் விக்க வரலம்மா, பயப்படாதீங்க. அதுல இருக்குற ஒரே ஒரு கமெண்ட்ட அழிக்கணும், அவ்வளவுதான். எழுதுனது நான்தான். ஆனா என்னால அழிக்க முடியல, ப்ளாக் உங்களுதாச்சே.

பாஸ்வேர்டு எதுலயோ எழுதி வச்சிருக்கீங்களா? தேடுங்க, மெதுவாத் தேடுங்க. நான் பேசிட்டே இருக்கேன். சும்மா நின்னா எனக்குத் தலை வெடிச்சிரும்.

என் வேலையே அதுதாம்மா, கமெண்ட் போடுறது. குளிருக்குப் போடுற கேஸ் ஹீட்டர் விக்கிற சின்ன கம்பெனி. நாலு பேரோட ப்ளாக்ல எங்க கடை லிங்க் இருந்தா, யாராவது ஹீட்டர்னு தேடுறப்ப எங்க பேரு மேல வரும். அதுக்குத்தான். ஆனா விளம்பரம்னு தெரிஞ்சா தூக்கிக் கடாசிருவாங்க. ஆரம்பத்துல நான் சரியான மண்டு. பாவம் ஒருத்தர், நாய் செத்துப்போச்சுன்னு எழுதியிருக்காரு. அதுக்குக் கீழ போயி, அருமையான பதிவு, எங்க ஹீட்டரையும் பாருங்கன்னு போட்டவன் நான். சிரிக்காதீங்க. உங்களுதுலயும் போட்டேன். நீங்க அத அழிச்சிட்டு, தம்பி இது மீன் பிடிக்கிற இடம், சந்தக்கட இல்லன்னு பதில் வேற போட்டீங்க. ஞாபகம் இல்லையா? ஆபீஸ்ல ஒரு வாரம் என்னை ஓட்டுனாங்க.

எங்க முதலாளி டாரல் கூப்பிட்டு உக்கார வச்சாரு. டேய், முதல்ல முழுசாப் படி. அவங்க சொன்னதுலேர்ந்து ஒரு விஷயத்தப் புடி. உனக்குத் தெரிஞ்சத ரெண்டு வரி சேத்துச் சொல்லு. லிங்க்க உள்ள திணிக்காத, உன் பேர அழுத்துனா கடைக்குப் போற மாதிரி இருந்தாப் போதும். பக்கத்து வீட்டுக்காரன் வேலியோரம் நின்னு பேசுற மாதிரி இருக்கணும்டான்னாரு. நல்ல மனுஷன்தான்.

அந்த டிராயர்ல இல்லையா? மேல பாருங்க.

அப்புறம் உங்களுது எல்லாத்தையும் படிச்சேன். நெசமாத்தான். ஸ்கூல் பஸ் ஓட்டிட்டு சாயங்காலம் நேரா உறைஞ்ச ஏரிக்குப் போயி, ஐஸ்ல ஓட்ட போட்டு உக்காருவீங்களே, அதெல்லாம். கைவிரல் மரத்துப் போனா தூண்டில் நரம்ப எப்படிக் கட்டுறீங்கன்னு கேட்டேன். ஒரு பக்கத்துக்குப் பதில் எழுதினீங்க. ரோஜர்ங்கிற பேர்ல போடுவேன். என் பேரு ரோஜர் இல்ல, ட்ராய். ரோஜர்னா கொஞ்சம் வயசான ஆளு மாதிரி இருக்கும்ல, அதுக்காக.

ஆனா கேள்வி மட்டும் கேட்டுட்டிருந்தா எத்தன நாள் ஓடும்? விவரம் தெரிஞ்சவன் மாதிரி ஏதாவது சொல்லணும். நான் ஏரி மேல போனதே மூணு தடவைதாம்மா. மூணு தடவையும் மீனும் இல்ல ஒண்ணும் இல்ல. அப்பதான் நீங்க எழுதினீங்க, ஐஸ் மேல போட்ட மீன்பிடிக் குடில்ல படுத்துத் தூங்குறதா இருந்தா ஹீட்டர அணைச்சிருங்க, அடைச்ச இடத்துல அந்த கேஸ் தூக்கத்துலயே ஆளக் கொன்னுரும், போர்வை எத்தன வேணும்னாலும் போத்திக்கங்கன்னு.

ஆங், அந்த நோட்டுதானா? அடிச்சுப் பாருங்க. பெரிய எழுத்து முதல்ல.

நான் என்ன போட்டேன்னா, பதினஞ்சு வருஷமா ராத்திரி பூரா ஓட விட்டுத்தான் தூங்குறேன், ஜன்னல ஒரு விரக்கட திறந்து வச்சாப் போதும், ஒண்ணும் ஆகாதுன்னு. அஞ்சு நிமிஷத்துல எழுதினது. எங்கயோ ஒருத்தன் சொன்னதக் கேட்டு எழுதினது. அதுக்கு நீங்க, நான் செய்ய மாட்டேன் ரோஜர், ஆனா உங்க அனுபவம் என்னுதவிடப் பெருசுன்னு போட்டீங்க. நாப்பது பேரு லைக். டாரல் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டுனாரு, கமெண்ட்னா இப்படி இருக்கணும், எவனாவது இத ஸ்பேம்னு சொல்லுவானான்னு. இப்பவும் குடில்ல ஹீட்டர் போட்டுத் தூங்கலாமான்னு தேடுனா உங்க பக்கம்தாம்மா முதல்ல வருது. நீங்க எழுதினத எவன் படிக்கிறான், நேரா கீழ வந்து என்னுதத்தான் பாக்குறாங்க.

திறந்திருச்சா? கீழ போங்க. இன்னும். அதான், ரோஜர்.

அதுக்கு அடியில ரெண்டு வரி இருக்கு பாருங்க. நன்றி ரோஜர், புதுசா குடில் வாங்கியிருக்கேன், இந்தச் சனிக்கிழம அப்படியே செஞ்சு பாக்குறேன். லைல்னு பேரு. எங்க அண்ணன். எழுதினது அவன் தம்பின்னு அவனுக்குத் தெரியாது. என் வேலையப் பத்தி அவன்கிட்ட என்னன்னு சொல்லியிருப்பேன், நான் ரோஜர்ங்கிற பேர்ல கமெண்ட் போடுறேன்னா? ஜனவரி மாசம். ஞாயித்துக்கிழம காலைல அண்ணிதான் ஏரிக்குப் போயிக் கதவத் தட்டியிருக்கா, அவன் எந்திரிக்கவே இல்ல. ஜன்னல் ஒரு விரக்கட திறந்துதான் இருந்துச்சாம்.

நீங்க ஏம்மா... வேணாம், அழாதீங்க. நீங்க அணைக்கத்தான சொன்னீங்க. ரோஜர் நான்தான்னு அண்ணிக்கு இன்னும் தெரியாது. இங்கேர்ந்து நேரா அங்கதான் போறேன், சொல்லிரணும். அதுக்கு முன்னாடி வேற எவனும் படிக்கக் கூடாதுன்னுதான் ஓடி வந்தேன்.

மேல இருக்குறத அழிச்சா கீழ அண்ணன் எழுதுனதும் சேந்து போயிருமா? போயிருமா.

ஒரு நிமிஷம். திரையக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புங்க, ஒரு படம் எடுத்துக்கறேன். இருங்க... எடுத்தாச்சு.

இப்ப அழுத்துங்கம்மா.