வேப்பங்கதவில் இரட்டைப் புள்ளிகள்

மீட்டர் வாங்கப் போகிறவர்கள் எடுத்த எடுப்பில் விலையைத்தான் கேட்பார்கள், மேடம். அங்கேதான் கோட்டை விடுகிறார்கள். எதை அளக்கப் போகிறோம் என்றுதான் முதலில் யோசிக்க வேண்டும். ஈரம் பார்க்கும் மீட்டரில் அட்டைப்பெட்டிக்கு ஒன்று, நூலுக்கு ஒன்று, மரத்துக்கு ஒன்று என்று தனித்தனியாக இருக்கிறது. மரத்துக்கே இரண்டு வகை. தகடு வைத்ததைப் பலகையின் மேல் சும்மா வைத்தால் போதும், கீறல்கூட விழாது. ஆனால் பலகை வழவழப்பாக இருந்தால்தான் சரியாகச் சொல்லும். ஊசி வைத்ததை மரத்தில் அழுத்திக் குத்த வேண்டும். அது உள்ளே போய்ப் பார்த்துவிட்டுச் சொல்லும். நான் ஊசிக்காரன். அதில் ஒரே குறை, தடம் விட்டுவிடும்.

குளியலறைக் கதவில், வெளிப்பக்கம், கீழே ஜோடி ஜோடியாகப் புள்ளிகள் இருப்பதை நீங்கள் பார்த்துவிட்டீர்கள். கரையானா என்று உங்கள் ஏட்டையா கேட்டார். கரையான் இரண்டிரண்டாகக் கடிக்காது. அது என் மீட்டர்தான். மறைக்க ஒன்றும் இல்லை, ஆற அமரச் சொல்கிறேன். மேசை மேல் கிடக்கும் அந்த மீட்டரை மட்டும் என் கையில் கொடுத்தால் நன்றாக இருக்கும். கை சும்மா இருந்தால் எனக்கு இருப்புக் கொள்ளாது.

வேண்டாமா, சரி.

இறந்துபோன காளை என்கிறவர் என் அக்காள் செல்லத்தாயின் வீட்டுக்காரர், எனக்கு மச்சான். டி. கல்லுப்பட்டி ரோட்டில் இருக்கும் கதவுக் கம்பெனி அவருடையது. டிப்ளமோ முடித்துவிட்டு ஊர் சுற்றிக்கொண்டிருந்த என்னைக் கூப்பிட்டு, மரத்தின் தரம் பார்க்கும் வேலையைக் கொடுத்தவரும் அவர்தான். மதியச் சாப்பாட்டுக்கு நான் வராமல் இலையில் கை வைக்க மாட்டார். அவரைக் கெட்டவர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும்.

ஆனால் அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. எந்தப் பலகையைக் கண்டாலும் விரல் முட்டியை மடக்கி இரண்டு தட்டுத் தட்டுவார், காதைச் சாய்த்துக் கேட்பார், "காஞ்சிருச்சு, ஏத்து" என்பார். நான் அப்போதுதான் மீட்டரில் வேம்பா வாகையா என்று மர வகைக்கான திருகைத் திருப்பி வைத்துக்கொண்டிருப்பேன். மரத்துக்கு மரம் அளவு மாறும், மேடம். தேக்குக்கு வைத்துவிட்டு வேம்பைக் குத்தினால் மீட்டர் கூசாமல் பொய் சொல்லும். அப்படியும் சந்தேகம் வந்தால் ஒரு துண்டை அறுத்து எடை போட்டு, அடுப்பில் காயவைத்து, மறுபடி எடை போட்டு ஒத்துப் பார்ப்பேன். நான் இதையெல்லாம் முடிப்பதற்குள் மச்சான் நாலு பலகையைத் தட்டி முடித்து டீ குடிக்கப் போயிருப்பார்.

தேனிப் பக்கம் ஒரு விடுதிக்குக் கதவு அனுப்பினோம். மீட்டர் பதினெட்டு சதவீத ஈரம் காட்டியது. பன்னிரண்டுக்கு மேல் போகக்கூடாது, அனுப்பாதீர்கள் என்றேன். மச்சான் தட்டினார், ஏற்றினார். கோடை வந்ததும் அத்தனை கதவும் காய்ந்து சுருங்கி, பலகைக்குப் பலகை வாய் பிளந்து, திரும்பி வந்து எங்கள் முற்றத்தில் அடுக்கிக் கிடந்தது.

போன வருஷம் ஆயுத பூசை அன்று ஆட்கள் எல்லாரும் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். ரம்பம், இழைப்புளி, மிஷின் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, என் மீட்டருக்கும் வைத்திருந்தேன். அந்தக் கதவுகள் ஏன் திரும்பி வந்தன என்று யாரோ கேட்டார்கள். மச்சான் சிரித்துக்கொண்டே மீட்டரை எடுத்தார்.

"எங்க மாப்ள மீட்டரு தப்பாக் காட்டிருச்சுப்பா. இரு, இவனுக்கு எம்புட்டுக் காட்டுதுன்னு பாப்போம்" என்று என் நெற்றியில் வைத்து அழுத்தினார். மீட்டர் கீச்சென்றது. "பாத்தியளா, மண்டைக்குள்ள அம்புட்டும் தண்ணி."

எல்லாரும் சிரித்தார்கள். அவர்களை நான் குறை சொல்லவில்லை, முதலாளி சிரித்தால் சிரிக்கத்தான் வேண்டும். அக்காவும் சிரித்தாள். நெற்றியில் இரண்டு சிவப்புப் புள்ளி, அதில் குங்குமமும் ஒட்டியிருந்ததால் பொட்டு வைத்த மாதிரி இருந்தது. எனக்கு அவமானம் தாங்கவில்லை. அதைவிடப் பெரிதாக ஒன்று உறுத்தியது. தப்பாகச் சொன்னது மீட்டர் இல்லை. அதை அவர் தன் வாயால் ஒரு தடவை சொல்ல வேண்டும், "மாப்ள, நீ சொன்னதுதான் சரி" என்று. நான் விரும்பியது அவ்வளவுதான். இன்றைக்கும் அதைத் தவறென்று நினைக்கவில்லை.

இந்த வைகாசியில் பசுமலையில் அவர் புது வீடு கட்டிப் பால் காய்ச்சினார். குளியலறைக்குப் பிளாஸ்டிக் கதவு போடுங்கள் என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் சொன்னேன், மேடம். அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

"கதவு யாவாரி வீட்டுல பிளாஸ்டிக் கதவா? ஊரே வாயப் பொத்திக்கிட்டுச் சிரிக்கும்டா. வேம்புல போடு, நீயே போடு" என்றார்.

சொன்ன பிறகு போட்டேன். வேப்பம்பலகைகளை மரம் காயவைக்கும் சூட்டறையில் வழக்கத்தைவிடக் கூடுதலாக வைத்து ஏழுக்குக் கொண்டுவந்தேன். மதுரையின் கோடையிலேயே மரம் அம்புட்டுக் காயாது. அப்படிக் காய்ந்த பலகை தண்ணீருக்கு ஏங்கிக்கொண்டே இருக்கும். மழை வந்ததும் குடிக்கும், குடித்தால் அகலும். அதற்காக நிலைக்கும் கதவுக்கும் நடுவில் இடம் விடுவார்கள். நான் விடவில்லை. பொருத்தமாக இருக்கட்டும் என்று நினைத்தேன். முன்னும் பின்னும் பெயிண்ட் அடித்தார் எங்கள் பெயிண்டர் பரீத்.

"அண்ணே, அடிப்பக்கம் அடிக்கலயே, தண்ணி ஏறிருமே" என்றார்.

"நான் பாத்துக்கிறேன் பரீத், நீங்க போங்க" என்றேன்.

கதவின் அடிப்பக்கத்தை வேறு யாரும் பார்ப்பதில்லை. மாட்டிய அன்று மச்சான் வந்து தட்டினார். கணீரென்று சத்தம் வந்தது. "இதான்டா கதவு" என்று என் தோளில் கை போட்டார். அப்போது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் சரியில்லை. ஆனியும் ஆடியும் காற்றாய் அடித்துவிட்டுப் போயின, ஒரு தூறல் இல்லை. காலையில் எழுந்ததும் வானத்தைப் பார்ப்பேன். சும்மா இருக்க முடியாமல் வீட்டில் கட்டில் காலைக் குத்திப் பார்ப்பேன், அரிவாள்மனைப் பலகையைக் குத்துவேன், சுவரைக் குத்துவேன். என் மனைவி தாமரைச்செல்வி மீட்டரைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டினாள். அன்று முழுக்க வீட்டுக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தேன். சாயங்காலம் அவளே பயந்துபோய்த் திருப்பிக் கொடுத்தாள்.

வாரா வாரம் பசுமலைக்குப் போனேன். வெறும் கையோடு போவதில்லை, அக்காளுக்குப் பிடித்த காராச்சேவு வாங்கிக்கொண்டு போவேன். அவள் அடுப்படிக்குள் போனதும் உட்கார்ந்து கதவின் கீழே குத்திப் பார்ப்பேன். பத்து. அடுத்த தடவை பதினொன்று. குளிக்கிற தண்ணீரையே அது குடிக்கத் தொடங்கியிருந்தது. பயிர் வைத்தவன் வரப்பில் போய் நின்று பார்க்கிற மாதிரிதான் நானும் பார்த்தேன்.

புரட்டாசியில் நாலு நல்ல மழை. அக்காள் போன் செய்தாள்.

"டேய் அசோக்கு, கதவு இறுக்குதுடா. உள்ள இருந்து இழுக்க முடியல. வந்து எழைச்சு விட்டுட்டுப் போ."

போனேன். அது உள்பக்கமாகத் திறக்கும் கதவு. உள்ளே இழுப்பதற்கு ஒரு சின்னக் குமிழ்தான் இருந்தது. அந்தக் குமிழைத் தேர்ந்தெடுத்தது அக்காள், நான் இல்லை. இழைப்புளியை எடுத்துத் தலைப்பக்கம் நன்றாக இழைத்தேன். தரையெல்லாம் சுருள் சுருளாக விழுந்ததைப் பார்த்து அக்காளுக்குத் திருப்தி. மரம் அகலத்தில்தான் உப்பும், நீளத்தில் உப்பாது. பக்கவாட்டை நான் தொடவில்லை. கொஞ்சம் சோப்பு மட்டும் தேய்த்துவிட்டேன், இரண்டு வாரம் தாங்கும்.

அன்றைக்கு இன்னொன்றும் செய்தேன். நீங்கள் கேட்பீர்கள் என்பதால் நானே சொல்கிறேன். மச்சானுக்கு வீசிங் உண்டு. வெந்நீர் ஆவியிலும் சில நாள் இழுக்கும் என்பதால் இன்ஹேலரைக் குளியலறை மாடத்திலேயே வைத்திருப்பார். அதை எடுத்து ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் வைத்தேன். மருந்துப் பொருளில் ஈரம் படக்கூடாது என்று சொன்னேன்.

"இந்த அக்கற அவுகளுக்கே இல்லையேடா" என்று அக்காள் கண் கலங்கினாள்.

இந்த வருஷ ஆயுத பூசைக்கும் மீட்டருக்குக் குங்குமம் வைத்தேன். மச்சான் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போய்விட்டார். போன வருஷம் நடந்ததே அவருக்கு ஞாபகம் இல்லை என்று நினைக்கிறேன். அதை நினைத்தால்தான் இப்போதும் நெஞ்சு எரிகிறது.

ஐப்பசியில் அடைமழை பிடித்தது. ஆரப்பாளையத்தில் ஒரு வளைகாப்புக்கு அக்காள் காலையிலேயே போயிருந்தாள். அது எனக்குத் தெரியும். மழை விடாமல் பெய்ததால் அளவு பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்பினேன். மீட்டர் வைத்திருக்கிறவன் மழை நாளில்தான் போய்ப் பார்க்க வேண்டும், வெயிலில் பார்த்து என்ன பிரயோசனம்.

முன்கதவு சும்மா சாத்தியிருந்தது. மச்சான் குளித்துக்கொண்டிருந்தார். ஹாலில் உட்கார்ந்தேன். எழுந்தேன். மறுபடி உட்கார்ந்தேன். தண்ணீர்ச் சத்தம் நின்றது. குமிழ் ஆடியது. கதவு அசையவில்லை. இரண்டு மூன்று தடவை இழுத்துப் பார்த்திருப்பார். பிறகு தட்டினார்.

"மாப்ள, ஒன் வண்டிச் சத்தம் கேட்டுச்சு. கதவு இறுகிப்போச்சுடா. தள்ளுடா."

நான் கதவுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். கதவுக்கு மேலே இருந்த சின்னக் கண்ணாடி வழியாக வெந்நீர் ஆவி தெரிந்தது. அவர் இருமினார். வாழ்நாள் முழுக்க மரத்தைத் தட்டி ஈரம் சொன்ன மனிதர். இந்தத் தடவை தட்டியபோது கணீரென்று வரவில்லை. ஊறிய மரத்தின் சத்தம், தலையணையில் குத்துகிற மாதிரி. எனக்கே காதில் தெரிந்தது என்றால் அவருக்குத் தெரியாமல் இருக்குமா. தெரிந்தது.

"மாப்ள, பூராம் ஈரங்குடிச்சிருச்சுடா. அன்னைக்கு நீ சொன்னது சரிதான்டா. மூச்சு முட்டுது. ஒரு எத்து எத்துடா."

ஒரு வருஷமாக எதைக் கேட்கக் காத்திருந்தேனோ, அதைச் சொல்லிவிட்டார். மூச்சை இழுத்து இழுத்துச் சொன்னாலும் தெளிவாகத்தான் சொன்னார். நான் அவரைக் கொல்ல நினைத்தவன் இல்லை என்பதற்கு இதுவே சாட்சி. நான் எதிர்பார்த்தது அந்த வார்த்தையைத்தான், அது கிடைத்துவிட்டது. டிவி பக்கத்தில் இன்ஹேலர் இருந்தது, கை நீட்டினால் எட்டும்.

ஆனால் எம்புட்டு ஈரம் என்று அவர் சொல்லவில்லை, மேடம். பொத்தாம் பொதுவாக ஈரம் என்றால் என்ன கணக்கு. அதைத்தானே ஆரம்பத்திலிருந்து அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மீட்டரை எடுத்து, வேம்புக்குத் திருப்பி வைத்து, கதவின் கீழே குத்தினேன். அவர் இப்போது முட்டியால் தட்டவில்லை, இரண்டு கையாலும் அடித்தார். அடிக்க அடிக்க ஊசி அசைந்தது, எண் ஏறியது, இறங்கியது. ஆடுகிற எண்ணை நம்பக்கூடாது, நிற்கும்வரை பொறுக்க வேண்டும் என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். பொறுத்தேன்.

தட்டுவது குறைந்தது. பிறகு நின்றது. எண் பதினெட்டில் வந்து நின்றது.

அதற்குப் பிறகுதான் உதைத்தேன். ஒரே உதையில் திறந்துகொண்டது.